சொல்லிக்கொடுத்துச் சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது

ஐடி வேலைக்கு வந்த ஒரு பெண் கேள்விக்குப் பதில் தெரியாமல் திணறுவதைக் கேலியாகக் காட்டி, இரண்டு நாட்களாக எல்லோருடைய முகநூல் சுவரிலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த நேர்காணல் காணொளியைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அதைப் பகிர்ந்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். ஆனால் இன்று காலை என் குழுவில் வேலை பார்க்கும் ஒருவரே அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுவதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. முகத்தை மறைத்துவிட்டோம், பெயரைச் சொல்லவில்லை, அதனால் தவறில்லை என்கிறார்கள். குரலை மறைக்கவில்லையே. "சார், ஒரு நிமிஷம் டைம் குடுங்க சார்" என்று கெஞ்சும் அந்தக் குரலை அந்தப் பெண்ணைப் பெற்றவளுக்கு அடையாளம் தெரியாதா?

ஜாவா என்ற நிரல்மொழியில், பொருள்களைச் சாவி போட்டு வைத்து எடுக்க உதவும் ஹேஷ்மேப் உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. கேட்டவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஐடி துறையில் இருப்பவர். பதில் வரவில்லை என்றதும், இதுகூடத் தெரியாமல் எதற்கு இன்டர்வியூவுக்கு வருகிறீர்கள் என்கிறார். அவரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். நீங்கள் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த அன்று உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது? நம் தலைமுறையில் பெரும்பாலோர் ஒன்றும் தெரியாமல்தான் உள்ளே வந்தோம். நமக்குச் சம்பளத்தையும் கொடுத்து, வேலையையும் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுப்பது அன்றைக்கு நிறுவனத்தின் பொறுப்பாக இருந்தது. அந்தப் பொறுப்பை இன்று பிள்ளைகளைப் பெற்றவர்களின் தலையில் ஏற்றிவிட்டு, சுமக்க முடியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

நான் 2007இல் சேர்ந்தவன். சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, கல்லூரியில் மெக்கானிக்கல். கேம்பஸுக்கு வந்த நிறுவனம் முதலில் ஆப்டிடியூட் தேர்வு வைத்தது. இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தால் எப்போது சந்திக்கும் என்கிற வகைக் கணக்குகள். அதில் தேறியவர்களை மறுநாள் ஹெச்ஆர் அழைத்துப் பேசினார்கள். எங்கள் ஊரில் என்ன விளையும் என்று அந்த அம்மையார் கேட்டார். பருத்தி என்று தொடங்கி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி ஐந்து நிமிடம் சொன்னேன். அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை, குறுக்கிடவும் இல்லை. கணினியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டே வந்திருந்தார்கள். சேர்ந்த முதல் நாளிலிருந்தே சம்பளம், முதல் மூன்று மாதங்கள் வெறும் பயிற்சி. நடுவில் ஓடிவிடாமல் இருக்க ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்பது உண்மை, அதையும் மறைக்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினி வேலையில் போட்டார்கள். கோபோல் (COBOL) என்ற நிரல்மொழி, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. தரமணி அலுவலகத்தில் ஓர் இரவு ஷிப்டில், பதிவுகளை மொத்தமாக ஒரே ஓட்டத்தில் கணக்கிடும் பேட்ச் ஜாப் ஒன்று நடுவழியில் விழுந்துவிட்டது. மெயின்ஃபிரேம்காரர்கள் சாக் செவன் என்று சொல்லும் பிழை அது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ ஒன்று இருந்தால், கணக்குப் போட முடியாமல் புரோகிராம் அப்படியே நின்றுவிடும். புரோகிராம் நின்றபோது நினைவகத்தில் இருந்ததை அப்படியே கொட்டிக் காட்டும் டம்ப் பக்கம் பக்கமாக வந்து விழுந்ததைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அமெரிக்க வாடிக்கையாளருக்குக் குறித்த நேரத்துக்குள் ஜாப் ஓடி முடிந்திருக்க வேண்டும். நாகர்கோவில்காரரான ஒரு சீனியர் அக்கா, தன் வேலையை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, இதுல பயப்பட ஒண்ணுமில்ல. கடைசியா எந்த ரெக்கார்டைப் படிச்சுதுன்னு மட்டும் பாரு" என்றார். தேடித் தேடி அந்த வரிக்கு வந்தபோது, தொகை இருக்க வேண்டிய இடத்தில் 40 40 40 என்று நின்றது. எனக்கு அது நாற்பது நாற்பதாகத் தெரிந்தது. அவர் திரையில் விரலை வைத்து, "இது நம்பர் இல்ல தம்பி. மெயின்ஃபிரேம்ல 40ன்னா வெறும் இடம். அனுப்புனவன் தொகையைப் போடாம அனுப்பியிருக்கான்" என்றார். அந்த ஒரு விஷயத்தைச் சொல்லித்தர அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கான பணத்தை எந்த வாடிக்கையாளரும் தரவில்லை. நான் அப்போது பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஷேடோவாக, வாடிக்கையாளரிடம் பணம் கேட்க முடியாத நான்-பில்லபிள் ஆளாக உட்கார்ந்திருந்தவன். ஆறு மாதத்துக்கு என்னால் ஒரு பைசா வருமானம் கிடையாது. அந்தச் செலவை நிறுவனம்தான் ஏற்றது. தர்மத்துக்காக ஏற்கவில்லை, அடுத்த பத்து வருடம் என்னை வைத்து அதைப்போலப் பல மடங்கு சம்பாதிக்கலாம் என்று தெரிந்தே ஏற்றது.

இப்போது என் அக்கா மகளின் கதைக்கு வருகிறேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். முதல் பட்டதாரி சலுகையில் படித்தவள். ஓர் அரியர் கிடையாது. கடைசி வருடத்தில் ஆஃபர் லெட்டர் வந்தபோது அக்கா தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள். 2023இல் படிப்பு முடிந்தது. ஜாயினிங் தேதி பிறகு அறிவிக்கப்படும் என்று மின்னஞ்சல் வந்தது. பதினான்கு மாதங்கள் காத்திருந்த பிறகு இன்னொரு தேர்வு எழுதச் சொன்னார்கள். எழுதினாள். அதற்குப் பிறகு மின்னஞ்சலே இல்லை. காத்திருந்தது போதும் என்று சென்னைக்கு வந்து, வேளச்சேரியில் ஒரு பயிற்சி மையத்தில் ஜாவா ஃபுல் ஸ்டாக் என்ற நிரல் எழுதும் பயிற்சியில் சேர்ந்தாள். கட்டணம் 48,000 ரூபாய். நான்கு பேர் தங்கும் ஹாஸ்டல் அறைக்குச் சாப்பாட்டோடு மாதம் 7,500 ரூபாய். அக்கா தன் மூன்று பவுன் சங்கிலியை ஊர் சொசைட்டியில் அடகு வைத்தாள். என்னிடம் கேட்கவில்லை, எனக்கே பிறகுதான் தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுக்க நிறுவனம் செலவழித்த அதே ஆறு மாதத்தை, அவளுக்கு அந்தச் சங்கிலிதான் வாங்கிக்கொடுத்தது.

பவுன் என்றதும் இன்னொரு கணக்கு நினைவுக்கு வருகிறது. 2007இல் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ஒரு பவுன் அப்போது ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய் இருந்திருக்கும். பிடித்தம் போகக் கைக்கு வருகிற ஒரு மாதச் சம்பளத்தில் இரண்டு பவுன் வாங்கலாம். இன்று பெரிய ஐடி சேவை நிறுவனங்கள் பெரும்பாலான ஃப்ரெஷர்களுக்குக் கொடுப்பது 3 முதல் 4 லட்சம். பவுன் எழுபதாயிரத்தைக் கடந்து எங்கேயோ போய்விட்டது. இன்றைய ஃப்ரெஷரின் ஒரு மாதச் சம்பளம் பவுனில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட எட்டாது. சம்பளம் அங்கேயே நிற்கிறது, எதிர்பார்ப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 2024 ஆகஸ்டில் ஒரு பெரிய நிறுவனம் பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 2.52 லட்சம் என்று அறிவித்து, ஊரே பேசிய பிறகு, அது பொறியியல் படிக்காதவர்களுக்கான சம்பளம் என்று விளக்கம் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். பொறியியல் படிக்காதவன் சென்னையில் குறைந்த வாடகைக்கா குடியிருக்கிறான்?

சொல்லிக்கொடுத்தால் ஆறே மாதத்தில் வேறு நிறுவனத்துக்குத் தாவிவிடுகிறார்கள், பிறகு எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை மேலாளர்கள் கூட்டத்தில் நானே பலமுறை கேட்டிருக்கிறேன் என்பதால் இதற்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன். தாவுகிறார்கள் என்பது உண்மை. ஏன் தாவுகிறார்கள்? ஒரே மேசையில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரில், வெளியிலிருந்து வந்தவனுக்கு இரண்டு மடங்கு சம்பளமும் உள்ளேயே வளர்ந்தவனுக்கு ஐந்து சதவீத ஹைக்கும் கொடுப்பது யார்? 2021, 2022இல் ஆள் கிடைக்காமல் அலைந்தபோது, அடுத்த நிறுவனத்தின் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்தவர்கள் நாம்தான். தாவச் சொல்லிக் கற்றுக்கொடுத்துவிட்டுத் தாவுகிறார்களே என்று வருந்துவதில் நியாயம் இல்லை. மேலும், தங்கள் வியாபாரமே அகன்ற அடித்தளம் கொண்ட பிரமிடு என்று சேவை நிறுவனங்கள் வெளிப்படையாகவே சொல்லிக்கொள்கின்றன. அந்த அடித்தளத்தில் குறைந்த சம்பளத்துக்கு நிற்பவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். மேலே இருக்கும் எங்களின் சம்பளத்துக்கு மார்ஜின் அங்கிருந்துதான் வருகிறது.

யூடியூபில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. என்பிடெல் என்ற இணையத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களே கிடைக்கின்றன. ஆனால் 40 என்றால் வெறும் இடம் என்பதை ஒரு காணொளி சொல்லலாம், இரவு இரண்டு மணிக்குக் கை நடுங்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காராது. அரசாங்கமும் தன்னால் முடிந்ததைச் செய்கிறது; 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரியிலேயே திறன் பயிற்சி தருகிறது, அதில் பலன் பெற்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கேயும் செலவு யாருடையது? வரி கட்டும் மக்களுடையது. பெற்றவர்கள் கட்டுகிறார்கள், அரசு கட்டுகிறது, லாபம் பார்க்கும் இடம் மட்டும் தயாரான ஆளை அனுப்புங்கள் என்கிறது.

கல்லூரிகள் ஒழுங்காகச் சொல்லித்தருவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிய பிள்ளைகள் ஏராளம். ஆனால் நாங்கள் படித்த கல்லூரிகள் மட்டும் என்ன வாழ்ந்தது?

ஏஐ வந்துவிட்டது, இனி ஃப்ரெஷர் எதற்கு என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஜூனியரே இல்லாமல் அடுத்த பத்து ஆண்டில் சீனியர் எங்கிருந்து வருவார்?

இவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும் இதே துறையில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 2022இல் ஆஃபர் வாங்கி, இரண்டு வருடத்துக்கும் மேல் காத்திருந்து, 2024 அக்டோபரில் சேர்ந்த பிள்ளைகளில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை, உள்தேர்வில் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் இன்னொரு பெரிய நிறுவனத்தின் மைசூர் வளாகத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். விதிப்படிதான் செய்தோம், மூன்று வாய்ப்புகள் கொடுத்தோம் என்றார்கள். இருக்கலாம். இரண்டு வருடம் காக்க வைத்ததற்கு எந்த விதி? படித்தது மறந்துபோகும் அளவுக்கு வீட்டில் உட்கார வைத்துவிட்டு, மறந்துவிட்டாயே என்று அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

அக்கா மகள் இப்போது கிண்டியில் ஒரு பில்லிங் நிறுவனத்தில் இரவு வேலை பார்க்கிறாள். விடிந்து அறைக்கு வந்து, மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து வேலைக்கு விண்ணப்பிக்கிறாள். ஃப்ரெஷர் என்று தலைப்பில் போட்டிருக்கும் விளம்பரத்திலேயே உள்ளே இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். போன மாதம் தொலைபேசியில், "மாமா, கூடப் படிச்சவங்க எல்லாம் ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் போட்டு உள்ள போயிட்டாங்க. ஒரு கன்சல்டன்சில சர்டிபிகேட், பேஸ்லிப் எல்லாம் தர்றாங்களாம். நானும் போடட்டுமா?" என்று கேட்டாள். போடாதே, பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினால் பிறகு எந்தக் கதவும் திறக்காது என்று அதட்டிவிட்டேன். அதட்டிவிட்டு இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் கூப்பிடவே மாட்டார்கள், பொய் சொன்னால் துரத்துவார்கள் என்ற இடத்தில் ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டு, நேர்மையைப் பற்றி அவளுக்குப் பாடம் நடத்த எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்ற எண்ணம் விடவே இல்லை. அந்தக் காணொளியில் கேட்ட குரல் அவளுடையது இல்லை. ஆனால் முதல் முறை கேட்டபோது, ஒரு நொடி, அவளோ என்று எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

நீயும் அதே துறையில்தானே சம்பளம் வாங்குகிறாய் என்று எழுதப்போகிறவர்களே, ஆமாம், வாங்குகிறேன். பதினெட்டு வருடமாக அந்தச் சம்பளத்தில்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது. எங்கள் அப்பா வெயிலில் பருத்தி எடுத்ததை நிறுத்தியது அந்தச் சம்பளம்தான். அதனால்தான் எழுதுகிறேன். தெரியாது என்று ஒத்துக்கொண்ட ஒருவனை உள்ளே விட்ட கதவு அது. நான் உள்ளே வந்த பிறகு அதைச் சாத்தினார்கள், நானும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

காணொளியைப் போட்டவர் என் நட்புப் பட்டியலில் இல்லை. இருப்பவர்கள் அவரிடம் சொல்லி அதை நீக்கச் செய்யுங்கள். அந்தப் பெண் யாரென்று தெரிந்தவர்கள் அவளிடம் என் பெயரைச் சொல்லி உள்பெட்டிக்கு வரச் சொல்லுங்கள். வேலை தருகிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இந்த ஆண்டு என் குழுவுக்கு ஃப்ரெஷர் எடுக்க அனுமதி இல்லை. ஆனால் சொல்லிக்கொடுக்கச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு நேரம் இருக்கிறது. அக்கா மகளும் வீடியோ காலில் வருவாள். சாவியிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் பெட்டியில் பொருளை வைப்பதுதான் ஹேஷ்மேப். இரண்டு சாவிகள் ஒரே பெட்டிக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டுகிறேன். ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.