ஊசி போட்ட பத்தாம் நாள்

எட்டு வாரம் முடிந்த மறுநாள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டேன். பத்தாம் நாள் ஸ்கேனில் துடிப்பு இல்லை.

ஆறு வாரம் ஒரு நாளில் எடுத்த முதல் ஸ்கேனில் அந்தத் துடிப்பை என் கண்ணால் பார்த்திருந்தேன். திரையில் ஒரு புள்ளி விட்டு விட்டு மினுங்கியது. இரண்டாம் முறை ஸ்கேன் எடுத்தவர் பேசாமல் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதே புரிந்துவிட்டது. அறிக்கையில் 'மிஸ்டு அபார்ஷன்' என்று எழுதியிருந்தார்கள். தானாகக் கலைவதற்கும் மருத்துவத்தில் 'அபார்ஷன்' என்ற சொல்தான் என்பது பிறகுதான் தெரியும். அன்றைக்கு அதைப் படித்தபோது, குழந்தை வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டது போல இருந்தது.

வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் தேடினார்கள். மாடிப்படி ஏறினாயா, வெயிட் தூக்கினாயா, வண்டியில் போனாயா? என் மாமியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த ஊசியை ஏம்மா இப்பப் போட்டுக்கிட்ட?" என்னைக் குத்த வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் துக்கம், பிடித்துக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஆனால் நான் மனதுக்குள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இன்னொருவர் வாயால் கேட்டபோது, அது தீர்ப்பாகவே ஆகிவிட்டது.

ஊசி போட்ட இடத்தில் கேட்டேன். மருத்துவர் எழுதுவதை நிறுத்தாமலே "அதெல்லாம் ஒன்றும் இல்லை, அடுத்த முறை பார்க்கலாம்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அந்த பதில் எனக்கு எதையும் தரவில்லை. ஏன் இல்லை என்று யாரும் சொல்லாததால், ஐந்து மாதம் ஊசியையும் என்னையும் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். குழந்தையை இழந்த பெண் தடுப்பூசியைப் பற்றிக் கேட்டால் அதை வதந்தி என்று ஒதுக்காதீர்கள். அவள் தன் குழந்தைக்கு என்ன ஆனது என்றுதான் கேட்கிறாள். இந்தப் பதிவை எழுதுவதே இதைச் சொல்லத்தான்.

பிறகு பார்த்த மருத்துவர் இரண்டு ஸ்கேன் அறிக்கைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தேதிப்படி ஒன்பது வாரம் நான்கு நாள் இருக்க வேண்டிய கருவின் அளவு ஆறு வாரம் மூன்று நாள் என்று இருந்தது. "முதல் ஸ்கேன்ல தேதியும் அளவும் பொருந்தியிருக்கும்மா. சில நாள் முன்னபின்ன இருக்கலாம். ஆனா வளர்ச்சி நின்னது நீங்க ஊசி போடறதுக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு நாள் முன்னாடி" என்றார். ஐந்து மாதமாக அந்தக் காகிதம் என் பீரோவில்தான் இருந்தது. படித்துக் காட்ட ஒருவர் இல்லை, அவ்வளவுதான்.

எல்லோருக்கும் இப்படி ஒரு காகிதம் கிடைக்காது. ஊசிக்குப் பிறகுதான் துடிப்பு நின்றது என்று தெரிந்தவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகக் கலைகின்றன. பெரும்பாலும் முதல் பன்னிரண்டு வாரத்துக்குள். அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே கிரோமோசோம் எண்ணிக்கையில் நேர்ந்த பிழை. படி ஏறுவதும் வழக்கமான வேலைகளும் அந்தப் பிழையை உண்டாக்காது. இத்தனை கர்ப்பங்கள் கலையும் அதே வாரங்களில் நிறையப் பேர் ஊசியும் போடுகிறார்கள் என்றால், ஊசியில் வெறும் தண்ணீர் இருந்தாலும் சிலருக்கு இரண்டும் அடுத்தடுத்து நடந்தே தீரும். அதனால் 'ஊசிக்குப் பிறகு கலைந்ததா' என்று மட்டும் பார்த்தால் போதாது. கலைந்தவர்களில் ஊசி போட்டவர்கள் அதிகமா என்று பார்க்க வேண்டும்.

நார்வேயில் கோவிட் தடுப்பூசிக்கு இப்படித்தான் பார்த்தார்கள். 2021-ல் வெளியான ஆய்வு அது. முதல் மூன்று மாதத்தில் கரு கலைந்த 4,521 பேரில் ஊசி போட்டிருந்தவர்கள் 5.1 சதவீதம். கர்ப்பம் தொடர்ந்த 13,956 பேரில் 5.5 சதவீதம். கலைந்தவர்களிடம் ஊசி கூடுதலாக இல்லை.

ஃப்ளூ ஊசியின் கதை கொஞ்சம் சிக்கலானது. அதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. 2017-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, முந்தைய ஃப்ளூ பருவத்திலும் எச்1என்1 (பன்றிக்காய்ச்சல் வைரஸ்) கலந்த ஊசி போட்டிருந்தவர்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருப்பதாகக் காட்டியது. நான் ராத்திரி இரண்டு மணிக்குப் படித்து நடுங்கியது அதைத்தான். அது சிறிய ஆய்வு. பிறகு இன்னும் பெரிதாக, அடுத்த மூன்று பருவங்களை எடுத்துக்கொண்டு பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். அந்தத் தொடர்பு தெரியவில்லை. சந்தேகம் வந்ததும் மூடி வைக்காமல் மறுபடி தேடியிருக்கிறார்கள் என்பதே எனக்கு நம்பிக்கை தந்தது.

சரி, உண்மை தெரிந்ததும் துக்கம் போய்விட்டதா? இல்லை. குற்ற உணர்வு மட்டும் கொஞ்சம் விலகியது, அதன் பிறகுதான் சரியாக அழவே முடிந்தது. கலைந்து இரண்டு வாரம் கழித்து, ஏனென்று தெரியாமலே வீட்டில் டெஸ்ட் எடுத்துப் பார்த்திருந்தேன். இரண்டு கோடு. டெஸ்ட்டில் கோடு காட்டும் கர்ப்ப ஹார்மோன் ரத்தத்திலிருந்து இறங்க வாரக்கணக்கில் ஆகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அந்தக் காலையில் அப்படி நம்பியிருக்க மாட்டேன். என் கணவர் அன்று ஒன்றும் பேசவில்லை. அவரிடம் "நீ எப்படி இருக்கிறாய்" என்று கேட்டவர்கள் யாரும் இல்லை என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

அடுத்த கர்ப்பத்துக்கு முன்பான பரிசோதனையில் எனக்கு ருபெல்லாவுக்கு, அதாவது ஜெர்மன் தட்டம்மைக்கு, எதிர்ப்பு சக்தி இல்லை என்று வந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசி போட வேண்டும். மறுபடி ஊசியா என்று கை நடுங்கியது. ருபெல்லா கர்ப்பத்தின் தொடக்கத்தில் வந்தால் கருவை என்ன செய்யும் என்பதை 1941-ல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கவனித்துச் சொன்னார். கண்புரையோடு பிறந்த குழந்தைகளைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. ஊசி வருவதற்கு முன், 1964-65-ல் அமெரிக்காவில் பரவியபோது சுமார் 11,000 கர்ப்பங்கள் கலைந்தன அல்லது கலைக்கப்பட்டன. அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டேதான் சரி என்றேன்.

எம்எம்ஆர் ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பத்தில் போட மாட்டார்கள். போட்ட பின் ஒரு மாதம் கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும். தெரியாமல் போட்டுக்கொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் குழந்தைக்கு ருபெல்லாப் பாதிப்பு வந்ததாகப் பதிவு இல்லை. இருந்தாலும் எச்சரிக்கைக்காக அந்த இடைவெளி.

ஊசி போடப் போன அன்று மாமியாரும் கூட வந்தார். மருத்துவர் என் பெயரைக் கேட்டு எழுதத் தொடங்கும் முன்பே, "டாக்டர், இதனால பின்னால தங்கற கருவுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டார். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். அத்தை குறுக்கே குறுக்கே கேட்டார். எல்லாம் முடிய ஒரு பத்து நிமிடம் ஆகியிருக்கும். "அப்ப சரி, போட்டுக்கம்மா" என்றார். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டதும் அவர்தான்.