சிவப்பு வளையம் தெரிந்தால் கறி வேகவில்லையா?

“பெல்லட் ஸ்மோக்கரில் வைத்த இறைச்சியின் ஓரம் சிவந்திருந்தால் அது வேகவில்லை, ரத்தம் நிற்கிறது, சாப்பிடாதீர்கள்” என்று ஒரு தகவல் சிங்கப்பூர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறான தகவல். (பெல்லட் ஸ்மோக்கர் என்பது பெல்லட்டை எரித்து, அந்தப் புகையிலும் சூட்டிலும் இறைச்சியை வேகவைக்கும் பெட்டி போன்ற அடுப்பு.)

மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் எரியும்போது நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் வெளிவரும். அவை இறைச்சியின் ஈரமான மேற்புறத்தில் கரைந்து, மயோகுளோபின் என்ற நிறப்புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. பிறகு எவ்வளவு வெந்தாலும் அந்த நிறம் போகாது. யோசித்துப் பாருங்கள்: வேகாத கறி நடுவில்தான் சிவந்திருக்கும். இந்த வளையமோ சூடு முதலில் படும் ஓரத்தில் இருக்கிறது!

அதற்காக, சிவப்பு இல்லாவிட்டால் வெந்துவிட்டது என்றும் நம்பிவிடாதீர்கள். வெளுத்த கோழியும் வேகாமல் இருக்கலாம். தேக்கா சந்தையில் வாங்கிய முழுக்கோழி என்றால், தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் தெர்மாமீட்டர் ஊசியைக் குத்துங்கள். 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். ஸ்மோக்கர் திரையில் தெரியும் 110 டிகிரி என்பது பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சூடு, கறியின் சூடு அல்ல. பலர் குழம்புவது இங்கேதான். மாட்டு நெஞ்சுக்கறியின் உள்சூட்டைச் சுமார் 95 டிகிரி வரை ஏற்றுவது வேறு கதை, அது மிருதுவாக வருவதற்காக.