கணித ஆசிரியர் வகுத்த கல்விக் கொள்கை

இலங்கையின் இலவசக் கல்விக்குத் தந்தை என்று சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவை நாம் அனைவரும் அறிவோம். அவர் கணித ஆசிரியராக இருந்தவர் என்பதை மட்டும் போதிய அளவு பேசுவதில்லை. ஓர் ஆசிரியராக இது என் நெடுநாள் மனக்குறை. 1884இல் அம்பலாங்கொடைக்கு அருகே பிறந்து, புலமைப்பரிசில் பெற்று காலி ரிச்மண்ட் கல்லூரியில் சேர்ந்த அவர், பின்னர் அங்கேயே கணிதம் கற்பித்தார். மொறட்டுவையிலும் கொழும்பிலும்கூட ஆசிரியராக இருந்துவிட்டே சட்டத்தரணியானார்.

1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த அவரது முயற்சியால், 1945 ஒக்டோபரில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் நீங்கியது. ஆனால் நல்ல கல்லூரிகள் எல்லாம் நகரங்களிலேயே இருக்கும்போது, கட்டணம் நீங்கியதால் மட்டும் தூரத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு என்ன கிடைத்துவிடும்? இந்தக் கேள்விக்கான விடையாகவே ஆய்வுகூடமும் நூலகமும் விடுதியும் கொண்ட மத்திய கல்லூரிகள் கிராமப்புறங்களில் எழுந்தன. அவற்றின் எண்ணிக்கை 54 என்பர். வறிய வீட்டுத் திறமைசாலிகளை அங்கே சேர்ப்பதற்காக வந்ததுதான் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. தாம் ஏறிவந்த படியையே பிறருக்கும் அமைத்துக் கொடுத்தார் என்று நான் இதைப் பார்க்கிறேன்.

அவரை மதிப்பதாலேயே இதையும் சொல்ல வேண்டும்: மலையகத் தோட்டப் பாடசாலைகளை அந்தச் சீர்திருத்தம் எட்டவில்லை. 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை, கொழுந்து பறிப்போரின் பிள்ளைகள் பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு நின்றார்கள். அந்த இழப்பை இன்னும் நாம் ஈடுசெய்து முடிக்கவில்லை.

இன்று அதே பரீட்சைக்காக, வசதியுள்ள பெற்றோர் மூன்றாம் தரத்திலேயே பிள்ளையைத் தனியார் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். வறிய பிள்ளைக்காகத் திறந்த வழியில், பணம் கட்டிப் பயிற்சி பெற்ற பிள்ளை முந்திக்கொள்கிறது. பத்து வயதுப் பிள்ளை வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்துவிட்டதற்காக வீட்டில் முகம் காட்ட அஞ்சுவதை வகுப்பறையில் நிற்பவர்கள் காண்கிறோம். புள்ளிவிவர அட்டவணையில் அது தெரியாது. ஆகவே இந்தப் பரீட்சையை மாற்றவோ நீக்கவோ ஆராயும் எந்தக் குழுவிலும், ஐந்தாம் தரத்துக்கு இப்போது கற்பித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள், குறிப்பாகத் தோட்டப் பாடசாலைகளிலும் வன்னியின் சிறிய பாடசாலைகளிலும் கற்பிப்பவர்கள், முழு உறுப்பினர்களாக இருக்க வேண்டும். குழு முடிவெடுத்த பின்னர் அவர்களை அழைத்துக் கருத்தரங்கு நடத்துவது போதாது.