ஐடா ஸ்கடர் கதையில் நாம் சொல்லாமல் விடும் பாதி

ஓய்வுநாள் பள்ளிக்குப் போன யாரைக் கேட்டாலும், அமெரிக்க மிஷனெரி டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர் கதையைச் சொல்லிவிடுவார்கள். திண்டிவனம், ஒரே இரவு, அடுத்தடுத்து கதவைத் தட்டும் மூன்று பேர். ஒரு பிராமணர், ஒரு இஸ்லாமியர், இன்னொரு இந்து. மூன்று வீட்டிலும் பிரசவ வேதனையில் இளம் மனைவி. ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டரைக் கூட்டிப்போக அவர்களுக்கு மனமில்லை. மகளைக் கூப்பிடுகிறார்கள், மகளுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஐடா டாக்டருக்குப் படிக்கக் கப்பல் ஏறுகிறார். ஆமென். அப்புறம் வேலூரில் சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வந்துவிடுகிறது.

எனக்கு உறுத்துவது அந்த 'அப்புறம்'தான். கதவு தட்டப்பட்டபோது அவருக்கு இருபது வயது இருக்கும். இறந்தது 1960 மே 24, கொடைக்கானலில், 89 வயதில். நடுவில் கிட்டத்தட்ட எழுபது வருடம். அதை ஒரே வார்த்தையில் தாண்டிப் போய்விடுகிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொல்லும்போது, நம் ஊர் மக்களின் அறியாமையால் மூன்று உயிர் போயிற்று என்ற தொனி வந்துவிடும். சரி, ஐடா படிக்கப் போன அமெரிக்கா எப்படி இருந்தது? 1895-இல் அவர் சேர்ந்தது பிலடெல்ஃபியாவில் பெண்களுக்கென்று தனியாக இருந்த மருத்துவக் கல்லூரியில். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 1898-இல் பெண்களைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் அங்கே மாறி, 1899-இல் பட்டம் வாங்கினார். பெண் டாக்டர் என்றால் அங்கேயும் புருவத்தை உயர்த்திய காலம்தான் அது.

திரும்பி வரும்போது கையில் பட்டம் மட்டும் இல்லை, பத்தாயிரம் டாலரும் இருந்தது. ராபர்ட் ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர், மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாகக் கொடுத்தது. முன்பின் தெரியாதவர்களிடம் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று பேசிப் பேசி வாங்கிய பணம். இந்தப் பகுதியை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. ஜெபித்தார், கிடைத்தது என்று முடித்துவிடுவார்கள். ஜெபித்தார்தான். வீடு வீடாகப் படியேறியதும் அவர்தான்.

1900 தொடக்கத்தில் வேலூருக்கு வந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துவிட்டார். அவர் கைராசியை நம்பி வந்த ஜனம், இந்தச் சின்னப் பெண்ணை நம்பி வரத் தயங்கியது. வீட்டு அறையிலேயே வைத்தியம். வீட்டு வேலைக்கு இருந்த சாலோமியையே மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் பழக்கினார். 1902-இல் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது, நாற்பது படுக்கை. அதோடு உட்காராமல், வாரா வாரம் குடியாத்தம் சாலையில் மாட்டு வண்டியில் போய் மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். 1909-இல் ஒரு பியூஜோ கார் வந்தபோது பேய் வருகிறது என்று கிராமத்து ஜனம் ஓடியதாம்.

பெண்களுக்கே மருத்துவப் பள்ளி ஒன்று தொடங்கக் கேட்டபோது, ஆறு பேர் விண்ணப்பித்தால் நடத்திக்கொள்ளுங்கள் என்ற மாதிரிதான் மாகாண மருத்துவ அதிகாரியின் பதில். 1918-இல் வந்தவை 151 விண்ணப்பங்கள். மாகாணம் முழுக்க நடந்த முதல் வருடத் தேர்வை எழுதிய அவருடைய மாணவிகள் 14 பேரும் தேறினார்கள்.

என் கணக்கில் அவர் வாழ்க்கையின் உச்சம் இதற்கெல்லாம் பிறகு வருகிறது. 1930-களின் கடைசியில் சென்னை மாகாண அரசு, எல்.எம்.பி. என்ற மருத்துவ டிப்ளமா படிப்பு இனி கிடையாது, எம்.பி.பி.எஸ். பட்டம் மட்டும்தான் என்று முடிவெடுத்தது. வேலூரில் இருந்தது எல்.எம்.பி. எம்.பி.பி.எஸ்.-க்கு உயர்த்த பேராசிரியர்கள் வேண்டும், படுக்கைகள் வேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும். மிஷன்கள் பலவும் கைகொடுக்கத் தயார், ஆனால் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்றார்கள். அமெரிக்காவில் அவருக்காகப் பணம் திரட்டிய லூசி பீபடி ஒத்துக்கொள்ளவே இல்லை. பெண்களுக்கென்று சொல்லி வாங்கிய காசு இது, ஆண்களுக்கு எப்படிக் கொடுப்பது? நியாயமான கேள்வி. இருபதுகளில் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி உட்பட ஆசியாவின் பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கக் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் குடும்பத்துப் பணம் பத்து லட்சம் டாலரைக் கொண்டுவந்ததில் முன்னின்றவர் பீபடி. ஐடாவுக்கும் முதலில் பெண்கள் கல்லூரியாகவே இருக்கட்டும் என்றுதான் ஆசை. கடைசியில் கல்லூரி பிழைக்க வேண்டும் என்று கூட்டுக் கல்விக்குச் சம்மதித்தார். நெடுநாள் தோழியின் மனம் கசந்தது. 1941-இல், எழுபது வயதில், மறுபடியும் அமெரிக்காவுக்குப் போய் மேடை மேடையாகப் பணம் கேட்டார். 1942-இல் எம்.பி.பி.எஸ். அனுமதி கிடைத்தது.

இதில் கண்ணீர் வரவழைக்கும் காட்சி எதுவும் இல்லை. கமிட்டி, கடிதம், கையெழுத்து, கோபதாபம், அவ்வளவுதான். அதனால்தான் விட்டுவிடுகிறோம் என்று நினைக்கிறேன். ஊழியத்தில் இருக்கும் பெண் என்றால் நமக்கு அன்னையாக இருக்க வேண்டும், புண்ணைத் துடைக்க வேண்டும், அழ வேண்டும். கணக்குப் புத்தகத்தை விரித்து, அரசு அலுவலகத்தோடு வாதாடி, தனக்குப் பிரியமான கொள்கையையே விட்டுக்கொடுத்து ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றும் பெண்ணைப் பாராட்ட நம்மிடம் வார்த்தை இல்லை. நம் சபைகளையே பாருங்கள். பண்டிகை விற்பனைக்கு அதிரசம் சுடுவதும், கட்டட நிதிக்கு வீடு வீடாகப் போவதும் பெண்கள் ஐக்கிய சங்கம். கமிட்டிப் பட்டியலில் தேடினால் பெண் பெயர் ஒன்றோ இரண்டோ. யாராவது ஓர் அக்கா எழுந்து கணக்கு கேட்டுவிட்டால், "நீங்க ஜெபத்துல தாங்குங்கம்மா" என்று உட்கார வைத்துவிடுவார்கள்.

வேலூரில் ஐடாவுக்குப் பின் இயக்குநர் நாற்காலிக்கு வந்த முதல் இந்தியரும் பெண்தான். ஹில்டா லாசரஸ், விசாகப்பட்டினத்துக்காரர், அரசு மருத்துவப் பணியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். அவரைப் பற்றி நம் தமிழ்ச் சபைகளில் பேசியே நான் கேட்டதில்லை. அவர் காலத்தில் வேலூரில் படித்த டாக்டரம்மாக்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், ஹில்டா கமிட்டியில் எப்படிப் பேசுவார் என்று கேட்டு எழுதுங்கள். எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.