அஞ்சு வயசு மூளையும் காலைச் சாப்பாடும்

பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டுல காசு எங்க போகுதுன்னு பாருங்க. நுழைவுத்தேர்வு கோச்சிங், விடியக்காலம் டியூசன், மேசையில ஞாபகசக்தி டானிக். 2011 கணக்கெடுப்புல 91.75 சதவீத எழுத்தறிவோட தமிழ்நாட்டுலயே முதல்ல நின்னது நம்ம கன்னியாகுமரி மாவட்டம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனா மூளைக்குச் செலவு செய்யிற வயசைத்தான் நாம மாத்திப் பிடிச்சிருக்கோம்னு தோணுது.

வளந்த மனுச மூளை ஏறக்குறைய 1.4 கிலோ. உடம்பு எடையில 2 சதவீதம்தான், ஆனா நாம சும்மா இருக்கும்போது செலவாகிற சக்தியில 20 சதவீதம் அதுக்கே போகுது. கணக்குப் போட்டாலும் சரி, சுவரைப் பாத்துட்டு இருந்தாலும் சரி, அந்தச் செலவு பெருசா மாறாது. ஒவ்வொரு நரம்பு செல்லும் தகவல் அனுப்பின பிறகு, உள்ள வந்த சோடியத்தை வெளிய தள்ளி பொட்டாசியத்தை உள்ள இழுக்கணும். உப்பளத்துல ஓயாம தண்ணி இறைக்கிற வேலை மாதிரிதான். சக்தியில பெரும்பங்கு இதுக்கே தீந்துபோகும். சேத்து வைக்க மூளையில இடமும் கிடையாது. ரத்தத்துல குளுக்கோஸ் வந்துட்டே இருக்கணும்.

இப்ப சின்னப் பிள்ளைக்கு வாங்க. 2014-ல அமெரிக்க மானுடவியல் ஆய்வாளர் கிறிஸ்டோபர் குசாவா குழுவினர் போட்ட கணக்குப்படி, மூளையோட சக்தித் தேவை உச்சத்துக்குப் போறது 5 வயசு வாக்குல. உடம்பு சும்மா இருக்கும்போது ஆகிற சக்திச் செலவுல மூணுல ரெண்டு பங்கு மூளைக்கே! நரம்பு இணைப்புகள் அப்ப அவ்வளவு நெருக்கம். அந்த வயசுல உடம்பு வளர்ச்சி மந்தமாகிறதும் இதோட சேந்ததுதான்னு அவங்க சொல்றாங்க. "பிள்ளை வளரவே மாட்டேங்கான்"னு புலம்புற ஆச்சிமார் கவனிக்கணும்.

அந்தப் பிள்ளையைத்தான் அரை கிளாஸ் கட்டன்சாயா, ரெண்டு பிஸ்கட்டோட ஏழு மணிக்கு ஸ்கூல் வேன்ல ஏத்தி விடுறோம்.

அதனாலதான் பள்ளிக்கூடத்துல அரசு போடுற காலை உணவுத் திட்டத்தைக் கேலி பேசுறவங்க மேல எனக்குக் கோவம் வருது. 2022 செப்டம்பர்ல தொடங்கி, 2023-ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024-ல கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. நம்ம ஊர்ல உதவிபெறும் பள்ளிகள் எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். "சோறு போட்டா படிப்பு வந்துருமா?"ன்னு கேக்கிறவருக்கு என் பதில்: சோறு மட்டும் போதாது, ஆனா சோறு இல்லாம டியூசனும் ஏறாது. மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன் கறியும் தின்னு வளந்த பிள்ளைக்கு டானிக் எதுக்கு? மாவுச்சத்து கிழங்குல இருக்கு, மூளை கட்டுறதுக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு சாளையில இருக்கு.

அப்புறம் உப்பு. புத்தளம், தாமரைகுளம் பக்கம் அளத்து உப்பை மூட்டையா வாங்குறவங்க, "கடலுப்புதானே, அயோடின் இருக்கும்"னு நம்புறாங்க. அளத்துல விளைஞ்ச கடலுப்புல அயோடின் இல்லைங்கிற அளவுக்குத்தான் இருக்கும். வயித்துல இருக்கிற குழந்தையோட மூளை முதல் மாசங்கள்ல அம்மாவோட தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் வளருது. அந்த ஹார்மோனுக்கு அயோடின் வேணும். வீட்டுல கர்ப்பிணி இருந்தா சமையலுக்கு அயோடின் கலந்த பாக்கெட் உப்பு வாங்குங்க. அளத்து உப்பு கருவாடு போட இருக்கட்டும்.