ஸ்பெயின் 2005-இல் செய்ததையும் பாருங்கள்

உரிய ஆவணமில்லாமல் ஒரு நாட்டில் வேலை செய்கிற வெளிநாட்டினருக்கு வேலை அனுமதி கொடுத்தால் அரசுக்குச் செலவுதான் மிஞ்சும் என்கிறது கட்டுரை. ஸ்பெயினில் அப்படி நடக்கவில்லை.

2005-இல் பிரதமர் சபதேரோவின் அரசு மூன்று மாத அவகாசம் கொடுத்து, ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை அனுமதி வழங்கியது. ஈக்வடார், ருமேனியா, மொராக்கோ நாட்டினர்தான் அதிகம். இதைப் பொதுமன்னிப்பு என்று சொல்வது சரியல்ல. அனுமதி பெற, 2004 ஆகஸ்ட் 7-க்கு முன்பே நாட்டில் இருந்திருக்க வேண்டும், குற்றப் பதிவு இருக்கக் கூடாது, கையில் வேலை ஒப்பந்தம் இருக்க வேண்டும். பெரும்பாலும் முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். அவர் சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் பணம் கட்டத் தொடங்கிய பிறகே அனுமதி செல்லுபடியாகும்.

அதனால் பணம் கருவூலத்துக்குள் வந்தது. ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்குச் சுமார் 4,000 யூரோ கூடுதல் வருவாய் என்று பின்னர் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சரி, செலவு? மருத்துவமும் பள்ளியும் ஊராட்சிப் பதிவேட்டில் (ஊரில் வசிப்பவர்களின் பட்டியல்; ஆவணமில்லாதவர்களும் அதில் சேரலாம்) பெயர் இருந்தவர்களுக்கு ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்தன, புதிதாக ஏறுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

பாதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். திறன் குறைந்த வேலைகளில் இருந்த சிலர் வேலை இழந்ததையும் அதே ஆய்வு காட்டுகிறது. அவர்களுக்கு அரசு உதவியிருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வீட்டு வேலை செய்த பெண்கள். விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அந்தத் துறை. அனுமதி இல்லாதவரை, சம்பளம் கொடுக்காத வீட்டுக்காரர் மேல் போலீஸுக்குப் போனால் நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. கட்டுரை இவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்?