பிளாஸ்டிக் கவரை எரிபொருளாக்குவது சாதனை இல்லை

"பிளாஸ்டிக் குப்பையிலிருந்து டீசல்!" என்று எங்காவது செய்தி வந்தால் போதும், ஆளாளுக்கு ஷேர் செய்கிறோம். எனக்கு அதைப் பார்த்தாலே வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பூமிக்குள்ளிருந்து எண்ணெய் எடுத்து, எத்திலீன் வாயுவாக்கி, அந்தச் சின்ன மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்துச் செய்தது பாலிஎத்திலீன் கவர். ஒரு பொருளைச் சில நாள் மூடிவைத்ததோடு அதன் வேலை முடிந்தது. அதை உடைத்து வண்டியில் ஊற்றினால் அந்தக் கார்பன் அத்தனையும் புகையாகக் காற்றுக்குத்தானே போகிறது?

2015 வரை உலகம் தயாரித்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன் என்கிறது 2017-இல் வந்த ஓர் ஆய்வு. அதில் குப்பையானது 630 கோடி டன். மறுசுழற்சிக்குப் போனது அதில் வெறும் 9 சதவீதம்.

இந்தக் குப்பையைச் சோப்பாக்கலாம் என்று 2023-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் குவோலியாங் லியூவின் குழு செய்து காட்டியது. சோப்புக்கு வேண்டிய கொழுப்பு அமிலம் ஒரு நீண்ட கார்பன் சங்கிலி. பாலிஎத்திலீனும் அப்படித்தான், நீளம் மட்டும் மிக அதிகம். அடிப்பகுதி சூடாகவும் மேல்பகுதி குளிர்ந்தும் இருக்கும் கலனில் அதைச் சூடாக்கினார்கள். சங்கிலி உடைந்து ஆவியாகி மேலே போகும். முழுக்கச் சிதைந்து வாயுவாகிவிடுமுன் குளிர்ந்து மெழுகாகப் படியும். அந்த மெழுகை ஆக்சிஜனேற்றம் செய்தால் கொழுப்பு அமிலம், அதில் காரம் சேர்த்தால் சோப்பு. எவ்வளவு உடைக்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் உடைக்கிற இந்த நிதானம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பெட் பாட்டிலுக்கும் வழி இருக்கிறது. அதிலிருந்து கிடைக்கும் டெரிஃப்தாலிக் அமிலத்தை மரபணு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டு, வெனிலா மணம் தரும் வெனிலினாக மாற்றினார்கள் எடின்பரோ விஞ்ஞானிகள், 2021-இல்.

ஆனால் இவையெல்லாம் ஆய்வகத்தில் சிறிய அளவில் நடந்தவை. தொழிற்சாலைக்கு வரும் குப்பை அவ்வளவு சுத்தமாக இருக்காது. ஒரு சிப்ஸ் பாக்கெட்டைக் கத்தரித்து விளிம்பைப் பாருங்கள். ஒரே தாள் மாதிரிதான் தெரியும். உண்மையில் ஒரு பிளாஸ்டிக் சவ்வு, அச்சு மை, பசை, இன்னொரு சவ்வு, அதன்மேல் அலுமினியப் பூச்சு. அந்தப் பூச்சின் தடிமன் தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. இதைக் கையால் யார் பிரிப்பது? குவியலில் குழாய் செய்கிற பிவிசி பிளாஸ்டிக் கொஞ்சம் கலந்திருந்தாலும் சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பி, கலனை அரித்து, வினையூக்கியைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு அடுக்கையும் அதற்கேற்ற கரைப்பானில் தனித்தனியாகக் கரைத்தெடுக்கும் முறையை 2020-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டார்கள். நல்ல வழி. ஆனால் எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் கரைப்பானையே தேர்ந்தெடுக்க முடியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டம், எரிபொருளாக்குவதை மறுசுழற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. எல்லா நாடுகளும் இதைப் பின்பற்ற வேண்டும். பாக்கெட்டின் பின்பக்கம் கலோரிக் கணக்கு அச்சிடும் நிறுவனங்கள், உறையில் என்னென்ன அடுக்கு இருக்கிறது என்பதையும் அங்கேயே அச்சிட வேண்டும். இதற்குப் புது விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை, நாளைக்கே செய்யலாம்.